வெள்ளைப் பூச்சிகளுக்குப் பூ வைத்தவள்

இல்லை, தவநாயகி கோயில் சட்டிக்குள் புழுப் போடவில்லை. எத்தனையோ கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லுவேன். அவள் சூனியமும் செய்யவில்லை. பீற்றரோடு ஓடவும் இல்லை. பீற்றர் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்குப் போய் இருந்தாள், அவ்வளவுதான். பீற்றரின் பெண்சாதி டொலறஸ் அப்போது நல்ல பலத்தோடும் நல்ல தொண்டையோடும் இருந்தவள். அந்த மனுசியைத் தாண்டிப் பீற்றரோடு ஒருத்தி ஓடுவதென்றால் அவள் ஒலிம்பிக்கில் ஓடுகிறவளாக இருக்க வேண்டும்.

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவில் நாலு தமிழ்ச் சனம் சந்தித்தால் இந்த மூன்றில் ஒரு கதை வரும். கடைசியில் யாராவது ஒருத்தி, "என்ன சொன்னாலும் அவள் கறுவம் பிடிச்சவள்" என்று முடிப்பாள். அது உண்மை. கறுவம் பிடித்தவள்தான், பட்டதை மனதில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறவள். கறுவம் வராவிட்டால்தான் நான் அவளைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் குசினி யன்னலில் நின்றால் பக்கத்து வீட்டுப் பின்வளவு முழுக்கத் தெரியும். கண்ணால் கண்டதையும் வேலிக்கு மேலால் அவளே என்னிடம் சொன்னதையும் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

தவநாயகி யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம் பிறந்தவள். தகப்பன் பஸ் கொண்டக்டர். அவள் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தவள். நல்ல உயரம், வேகமான நடை. சிரிப்பது குறைவு. சிரித்தாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். எண்பத்தாறில் தில்லையம்பலத்தைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். தில்லையம்பலம் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்கிறவன். அமைதியான பொடியன் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அமைதி என்பது எங்கே நல்லது, எங்கே கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர்கள் இருந்தது அவனுடைய அண்ணன் வீட்டில். அந்த வீட்டை நடத்தியவள் அண்ணன் பெண்சாதி கனகாம்பிகை. கனகாம்பிகையைப் பற்றிக் கூடாமல் சொல்லக்கூடாது என்று என் மகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லுவேன். காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டுச் சமையல், துடைப்பு, பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் தவத்தின் தலையில். பின்நேரம் வந்து சட்டியைத் திறந்து பார்த்து, "உப்புக் குறைவு" என்று சொல்லிவிட்டு இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிடுவாள். தவத்துக்குப் பிள்ளை தங்கவில்லை. அது கனகாம்பிகைக்குக் கையில் ஒரு பிரம்பு கிடைத்த மாதிரி.

கனகாம்பிகையின் பெருமை எல்லாம் அவளுடைய தோட்டம். பின்வளவில் கோவாவும் நோக்கோலும் வரிசை வரிசையாக வைத்திருந்தாள். கோவா, இந்தியாக்காரர் முட்டைக்கோஸ் என்பது, ஒவ்வொன்றும் பிள்ளையின் தலை அளவு வரும். எங்கள் கோயில் அப்போது வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. ஆவணி மாதம் அலங்காரத் திருவிழா. அதில் ஒருநாள் உபயம் கனகாம்பிகையுடையது. அன்னதானத்துக்குத் தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கிற கோவா வறை அவளுடைய சொந்தத் தோட்டத்திலிருந்து போகும். "கடை மரக்கறி சாமிக்கு வைக்க எனக்கு மனம் வராது" என்று மற்றப் பெண்களின் முகத்துக்கு நேரே சொல்லுவாள். அவர்கள் எல்லாரும் கடை மரக்கறி கொண்டு வருகிறவர்கள்.

எண்பத்தேழில் அடித்த பெரும் புயலில் அந்த வளவின் மூலையில் நின்ற மரம் விழுந்தது. அதுவரை இருட்டாகக் கிடந்த வேலிக்கரையில் வெய்யில் விழத் தொடங்கியது. தவம் அந்தத் துண்டைக் கேட்டாள். நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். என் காதால் கேட்டேன்.

"அக்கா, உந்த வேலிக்கரையை எனக்குத் தாங்கோவன். மிளகாய்க் கண்டு வைச்சுப் பாப்பம்."

"மிளகாய் என்ரை பக்கத்திலை நான் வைப்பன். நீர் அதிலை பூக்கண்டு வையும். உம்மடை கைக்குப் பூக்கிறது சரி. காய்க்கிறதெல்லாம் சரிவராது."

 தவம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொத்தத் தொடங்கினாள். கொத்திய வேகத்தில் பழைய சாம்பலும் போத்தல் ஓடும் எல்லாம் மேலே வந்தன.

முதல் வருசம் செவ்வந்தி வைத்தாள். கடையில் விற்கிற, இதழுக்கு மேல் இதழ் அடுக்கிய சாதி. பொத்திய கை மாதிரிப் பூத்தது. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, பூவில் இருந்தன, சுற்றி நடந்தன, பசியோடு திரும்பிப் போயின. இதை நின்று பார்ப்பாள். அவளுக்கு அந்த வீட்டில் பார்ப்பதற்கு வேறு என்ன இருந்தது.

பீற்றர் எங்கள் தெருக் கோடியில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வேதக்காரர், கவுன்சில் பார்க்கில் தோட்ட வேலை. எங்கள் வளவுகளுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கையால் வேலைக்குப் போவார். ஒருநாள் தவம் அவரை மறித்துக் கேட்டாள்.

"பீற்றர் அண்ணை, ஏன் உதுகள் வந்து வந்து நிக்காமல் போகுதுகள்?"

"பிள்ளை, இது மனுசர் பாக்கிறதுக்கெண்டு செய்த பூ. இதழை அடுக்கி அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். உள்ளுக்குத் தேன் இல்லை. இருந்தாலும் பூச்சியின்ரை குழல் போக வழி இல்லை. ஒற்றை இதழ்ப் பூவாப் பார்த்து வையும்."

"வேறை?"

"ஒண்டு அங்கை ஒண்டு இங்கை வையாதையும். ஒரு சாதியைக் கும்பலா வையும், அப்பதான் அதுக்குத் தூரத்திலை தெரியும். வெய்யில் வேணும், காத்து அடிக்கப்படாது. ஊதாநிறம் எண்டால் அதுகளுக்கு உசிர்."

இன்னொரு தொல்லையும் இருந்தது. கனகாம்பிகை காலையில் எழும்பி முழுகிவிட்டு, வேலிக்கரைக்கு வந்து பூத்த பூ எல்லாவற்றையும் சாமிப் படங்களுக்கு ஆய்ந்துகொண்டு போய்விடுவாள். வெய்யில் ஏறிப் பூச்சி வருகிற நேரத்தில் வெறும் காம்புதான் நிற்கும். தவம் ஒருநாள் கேட்டதற்கு, "சாமிக்கு வைக்காத பூவை ஆருக்கு வைக்கப்போறீர்? உமக்கோ?" என்றாள்.

அதிலிருந்து தவம் பூத் தெரிகிற விதமே மாறியது. சாமிக்கு ஆகாத பூ, பூச்சிக்கு ஆகிற பூ. ஆய்ந்தவுடனே கொட்டுகிறது, தட்டில் நிற்காதது, குச்சி மாதிரி இருக்கிறது. றெயில் பாதைச் சுவரில் தன்பாட்டில் முளைக்கிற ஒரு செடி உண்டு. பூனை வால் மாதிரி ஊதாப் பூ. பெயர் எனக்கு வாயில் வராது. அதன் தடியை முறித்துக் கொண்டு வந்து ஊன்றினாள். லாவண்டர் வைத்தாள். மாரி வருமுன் பூக்கிற சின்ன ஊதாச் செவ்வந்தி, தடித்த இலையோடு தட்டையாகப் பூக்கிற ஒரு செடி, இவைகளை இல்ஃபோர்ட்டில் பூக்கடைக்காரனிடம் வாங்கினாள். கடைக்காரன் பூவைக் காட்டுவான். அவள் எந்தச் சட்டியில் பூச்சி இருக்கிறது என்று பார்ப்பாள். பூச்சி இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். மூலையில் தொட்டால் சுணைக்கிற செடியைக்கூட வெட்டாமல் விட்டாள். இறகில் கண் வைத்த பூச்சிக்குப் பிள்ளை வளர்க்கிற இடம் அதுதானாம். "பைத்தியம், சுணைச் செடி வளக்கிறாள்" என்று தெருவில் முதலில் வந்த கதை அதுதான்.

அடுத்த வேனிலில் அந்த வேலிக்கரையைப் பார்க்க வேண்டும். சிவப்பு, மண்நிறம், மஞ்சள் என்று பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தவம் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பாள். நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவள் கொஞ்சம் கொழுத்தாள் அந்தக் காலத்தில். நான் கண்டேன்.

அப்படியே விட்டிருந்தால் அவள் அந்த வீட்டில் அந்தத் துண்டு மண்ணோடு கிடந்து செத்திருப்பாள். கனகாம்பிகை விடவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, பள்ளிக்கூட விடுமுறை. கனகாம்பிகையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு. இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபம். லண்டன் முழுக்க இருந்து சனம், வெம்பிளியிலிருந்து ஒரு வான் பிடித்துக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். பலகாரம் சுட்டது தவம். மேடைக்குச் சோடித்தது தவம். ஆலாத்தித் தட்டு எல்லாவற்றையும் அலங்கரித்தது தவம். எங்கள் சடங்கில் பெண்கள் இரண்டு இரண்டு பேராக மேடை ஏறி, பழத் தட்டு, பலகாரத் தட்டு, விளக்குத் தட்டு என்று பிள்ளைக்கு முன்னால் சுற்றி இறக்குவார்கள். ஒரு தட்டைத் தவம் தன் வேலிக்கரைப் பூக்களால் சோடித்திருந்தாள். அந்தத் தட்டுக்குச் சோடி ஏற வேண்டிய பெண் வந்து சேரவில்லை. கீழே நின்றவர்கள், "தவம், நீ ஏறன்" என்றார்கள். அவள் கையைத் துடைத்துவிட்டு, சீலையை இழுத்து விட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கினாள். இரண்டு படி ஏறிவிட்டாள்.

கனகாம்பிகை மேடையின் நடுவிலிருந்து வந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நீர் இதை வையும் தவம். பிள்ளை பெத்த ஆக்கள் எடுக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை காரியம்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஐயர் மந்திரம் சொல்ல வைத்த மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. தவம் தட்டை இறக்கி வைத்தாள். இறங்கி வந்தாள். நேரே குசினிக்குப் போய் அகப்பையை எடுத்தாள். தில்லையம்பலம் சுவரோரம் கூல் டிறிங்ஸ் பெட்டியோடு நின்றான். நின்றவன் நின்றபடியே நின்றான்.

இதோடு முடிந்ததா? இல்லை. வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்திருந்தான். அந்தக் காலத்தில் சடங்கு வீடியோ என்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும், அது ஒரு மரியாதை. மாதக் கணக்கில் ஆட்கள் வந்தார்கள், மாதக் கணக்கில் அந்தக் காசெற் ஓடியது. தவம் தேத்தண்ணித் தட்டைக் கொண்டு வந்து வைப்பாள். ரீவியில் அதே தவம் ஆலாத்தித் தட்டை இறக்கி வைப்பாள். வந்தவர்கள் ரீவியைப் பார்ப்பார்கள், இவளைப் பார்ப்பார்கள், பிறகு தேத்தண்ணியைப் பார்ப்பார்கள்.

புருசனிடம் கேட்டாளாம், அந்த ஒரு துண்டை வீடியோக்காரனிடம் சொல்லி வெட்டுவிக்க ஏலாதா என்று. "அண்ணி என்ன பொய்யே சொன்னவா? வழமையைத்தானே சொன்னவா. விடுமன்" என்றானாம்.

அடுத்தநாள் வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னாள். அழவில்லை. லாவண்டரை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆச்சி, எனக்கு ஒண்டு வேணும். அதே சனத்துக்கு முன்னாலை அவவும் ஒருநாள் நிக்கவேணும். எல்லாரும் பாக்க நிக்கவேணும். அது நடக்காமல் நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்."

பொறுத்துப் போ பிள்ளை என்று சொல்லுகிற கிழவி நானில்லை. "நிக்கத்தான் வேணும்" என்றேன்.

அந்த மாரி முழுக்க அவள் யோசித்தாள். தொண்ணூறாம் ஆண்டு பனி விட்டதும் பீற்றரை ஒழுங்கையில் மறித்தாள்.

"அண்ணை, வெள்ளை வண்ணத்துப்பூச்சிக்கு என்ன பூப் பிடிக்கும்?"

பீற்றர் சிரித்தார். "அதை ஆரும் கூப்பிடுறேல்லை பிள்ளை, துரத்துறதுதான். அது கோவாவிலையெல்லே முட்டையிடும்."

"ஓம். தெரியும்."

பீற்றர் வேலிக்கு மேலால் கனகாம்பிகையின் கோவாப் பாத்தியைப் பார்த்தார். தவத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டார்.

"லாவண்டர் இன்னும் வையும்" என்றார் மெதுவாக. "அந்த றெயில்பாதைச் செடியை நல்லாத் தறிச்சு விட்டால் பூக் கூடும். ஆனால் உதிலை வட்ட இலையோடை ஒரு கொடி விட்டிருக்கிறீர், செம்மஞ்சள் பூ. உதிலையும் வெள்ளை முட்டையிடும். உது நிண்டால் கோவா கொஞ்சம் தப்பிடும்."

"நன்றி அண்ணை."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. டொலறஸ் கேட்டாலும் நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் ஒழுங்கை முடிவுக்குப் போகுமுன் தவம் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டாள். பிடுங்கிக் குப்பை வாளிக்குள் போட்டு மூடியை அமத்தினாள். பிறகு லாவண்டரை வேலிக்கரையிலிருந்து நகர்த்தி, கோவாப் பாத்தியின் ஓரத்தோடு ஒட்டி, கரை கட்டின மாதிரி வைத்தாள். கனகாம்பிகைக்கு அது பிடித்திருந்தது. "இப்பத்தான் ஒரு வடிவா இருக்கு" என்றாளாம்.

அந்த வருசம் நல்ல வெய்யில். ஆடி பிறந்ததும் வெள்ளைப் பூச்சிகள் வந்தன. ஒன்று இரண்டு இல்லை. துவைத்த சீலையைக் கிழித்துக் காற்றில் விட்ட மாதிரி. லாவண்டரில் இருந்து குடிக்கும், எழும்பும், கோவா இலையின் அடியில் தொங்கும், திரும்ப வந்து குடிக்கும். சாப்பாட்டுக் கடையும் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யார் வரமாட்டார்கள்.

இப்போது கனகாம்பிகை என்ன செய்தாள் என்று கேளுங்கள். ஓர் ஆடி வெள்ளி காலையில், முழுகின ஈரத் தலையோடு பாத்தியில் நின்றபோது ஒரு வெள்ளைப் பூச்சி அவளுடைய தோளில் வந்து இருந்தது. சரி, அவ்வளவுதான். அது தெய்வ அருள் ஆகிவிட்டது. கோயிலுக்கு என்று நேர்ந்த தோட்டம், அதுதான் முருகன் வெள்ளை வெள்ளையாய் அனுப்புகிறார் என்று ரெலிபோனில் ஊர் முழுக்கச் சொன்னாள். ஆட்கள் வந்து பார்த்தார்கள். வீடியோ முடிந்ததும் எல்லாரையும் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். புருசன்காரன் இலையில் ஓட்டையைக் கண்டு மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வந்தான்.

"கோயிலுக்குப் போற மரக்கறிக்கு நஞ்சடிக்கிறதே? விசரே உங்களுக்கு?" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "ஓட்டை நத்தை போட்டது. மேல் இலையை உரிச்சால் சரி."

தவம் குசினி வாசலில் நின்று அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே நின்றாள்.

வீட்டுச் சமையலுக்கு அந்தக் கோவாவை எடுக்கிறபோதெல்லாம் தவம் அதை நாலாகப் பிளந்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊற வைப்பாள். பச்சைப் புழுக்கள் மேலே மிதக்கும். தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுக் கோவாவை அரிந்தெடுப்பாள். அதனால் அந்த வீட்டில் யாருக்கும் கோவாவின் நடுவில் என்ன குடியிருக்கிறது என்று தெரியாது. இலை நிறத்திலேயே இருக்கும் அந்தப் புழு. நரம்போடு நரம்பாகப் படுத்துக் கிடக்கும்.

உபயத்துக்கு முதல்நாள் பின்நேரம் கனகாம்பிகை கோவா எல்லாவற்றையும் வெட்டிப் பெட்டிக்குள் அடுக்கினாள். தவம் உதவிக்குப் போனாள்.

"நாளைக்குக் கோயில் அடுப்படிக்கு நீர் வரவேண்டாம்" என்றாள் கனகாம்பிகை. "சாமிக்குப் படைக்கிறது. உம்மடை கை பட்டால் ஆக்கள் ஏதும் கதைப்பினம். நானும் மற்றாக்களும் அரிஞ்சு சமைக்கிறம். நீர் கும்பிட வாரும், சாப்பிடும், போம்."

இரவுச் சமையலுக்கு முன் தவம் வேலிக்கு வந்து இதை எனக்குச் சொன்னாள்.

"உப்புத் தண்ணியிலை போடுங்கோ எண்டு சொல்ல வாயெடுத்தனான் ஆச்சி. பிறகு மூடிட்டன்."

"நல்லது செய்தாய்" என்றேன்.

அடுத்தநாள் மண்டபத்தில் சனம் நிரம்பி வழிந்தது. பூசை முடிந்தது. படையல் முடிந்தது. நிலத்தில் பாய் விரித்து எல்லாரையும் வரிசையாக இருத்தினார்கள். முன்வரிசையில் வைத்தியநாதன், கோயில் சபைத் தலைவர். திருவிழாக் காலத்தில் வெங்காயம்கூடத் தொடமாட்டார். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். கனகாம்பிகை தானே கோவா வறையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சைப் பட்டு, கழுத்து நிறைய நகை. "எங்கடை தோட்டத்திலை புடுங்கினது ஐயா" என்று அவருக்கு இரண்டு அகப்பை வைத்தாள்.

தவமும் நானும் பின்வரிசையில் இருந்தோம். எங்களிடம் வறை வந்தபோது தவம் தட்டைக் கையால் மறைத்தாள். எனக்குப் பல் சரியில்லை, கோவா வேண்டாம் என்றேன். இதைத்தான் இன்றுவரை பெரிய சாட்சியாகச் சொல்லுகிறார்கள். ஏன் அவள் வறை வாங்கவில்லை, ஏன் கிழவி வாங்கவில்லை என்று. ஏன் வாங்க வேண்டும்? எங்களுக்குத் தெரியும், வாங்கவில்லை.

வைத்தியநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். விரலால் எதையோ ஒதுக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"கனகம், இஞ்சை ஒருக்கா வாரும். இதென்ன?"

கனகாம்பிகை வந்து எட்டிப் பார்த்தாள். "அது கறிவேப்பிலைக் காம்பு ஐயா."

"காம்புக்குக் கால் இருக்கே?"

பக்கத்தில் இருந்தவர் தன் தட்டைக் கிளறினார். பிறகு அடுத்தவர். பிறகு வரிசை முழுக்க எல்லாரும் விரலால் கிளறுகிற சத்தம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள். "இந்தா, இதிலை ரெண்டு" என்று ஒரு குரல். "முருகனுக்குப் படைச்சதிலையும் இதுதானே வைச்சது?" என்று இன்னொரு குரல். 

கனகாம்பிகை நடுமண்டபத்தில் சட்டியும் அகப்பையுமாக நின்றாள். கீழே வைக்க இடமில்லை. சுற்றிவர எல்லாரும் நிலத்தில் இருந்தபடி அண்ணாந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெம்பிளிச் சனமும் இருந்தது. போன வருசம் தட்டைப் பறித்தபோது பார்த்த அதே முகங்கள். தவம் தலையைக் குனியவில்லை. சிரிக்கவும் இல்லை. நிமிர்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கனகாம்பிகையின் கண் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தவத்தில் நின்றது.

எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். பாயாசம் வேண்டியிருக்கவில்லை.

அடுப்படியைக் கழுவினார்கள். ஐயர் பிராயச்சித்தம் செய்தார். உபயம் வேறொரு குடும்பத்துக்குப் போனது, கடை மரக்கறி கொண்டு வருகிற குடும்பம்.

அடுத்த ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டார்கள், தெருவில் மூத்த மனுசி என்று. முன் அறையில் அண்ணன், தில்லையம்பலம், கனகாம்பிகை. சாமிப் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. கனகாம்பிகையின் முகம் ஒரு கிழமையில் வற்றிப் போயிருந்தது.

"ஆச்சி, நீங்கள் சாட்சிக்கு இருங்கோ. இவள்தான் சட்டிக்குள்ளை கொண்டுவந்து போட்டவள். இல்லையெண்டால் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

தவம் சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். நேரே போய் உள்ளங்கையை வைத்து நெருப்பை அணைத்தாள்.

"சட்டிக்குள்ளை நான் ஒண்டும் போடேல்லை. இது சத்தியம்."

அத்தோடு தப்பியிருக்கலாம். அண்ணன் பெருமூச்சு விட்டு எழும்பப் போனான். தவம் கையை எடுக்கவில்லை.

"இருங்கோ. மிச்சத்தையும் கேளுங்கோ. பூ நான்தான் வைச்சனான். வெள்ளைப் பூச்சி வாற பூவாப் பார்த்துப் பார்த்து வைச்சனான். கோவாவைக் காப்பாத்தியிருக்கக்கூடிய கொடியைப் புடுங்கி எறிஞ்சனான். அக்கா, முருகன் அனுப்பேல்லை. நான் அனுப்பினனான்."

கனகாம்பிகை சோபாவில் இருந்துவிட்டாள். "கேட்டியளோ, கேட்டியளோ, வாயாலை சொல்லுறாள்" என்றாள்.  ஏன் அதைச் சொன்னாய் என்று நான் பிறகு தவத்திடம் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும். அடித்தது யார் என்று தெரியாவிட்டால் அது அடியில்லை.

அண்ணன், வேலிக்கரை முழுவதையும் இன்றைக்கே வெட்டி எறிவேன் என்றான். "வெட்டுங்கோ" என்றாள் தவம்.

தில்லையம்பலம் அப்போதுதான் வாய் திறந்தான். "அண்ணியின்ரை காலிலை விழு தவம். பிரச்சினை முடிஞ்சுது. ஒரே வீட்டிலை இருக்கிற சனம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ரை கையிலை இருந்து தட்டை வாங்கேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

அவன் கார்ப்பெற்றைப் பார்த்தான்.

"கூல் டிறிங்ஸோடை சுவரடியிலை நிண்டனீங்கள். இண்டைக்கும் அங்கையே நில்லுங்கோ."

மேலே போனாள். அலுமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.  நான் என் பாட்டில் எழும்பி வெளியே வந்து எங்கள் வீட்டுப் படியில் நின்றுகொண்டேன். தெருவில் மற்ற வீட்டு யன்னல்களில் திரைச்சீலை விலகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில்.

கோட்டைப் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வந்தபோது கொண்டு வந்த அதே பெட்டியோடு முன்கதவால் வந்தாள். பின்னால் தில்லையம்பலம் செருப்பில்லாமல் வாசல்வரை வந்தான். மறிப்பான் என்று நினைத்தேன்.

"தவம், எனக்குப் பின்நேரம் ஷிப்ட். சாப்பாடு?"

அவள் திரும்பவில்லை.

"குசினியிலை கோவா இருக்கு" என்றாள்.

என்னைத் தாண்டும்போது மட்டும் தலையை அசைத்தாள். பிறகு தெருக் கோடியை நோக்கி நடந்தாள், டொலறஸ் வீட்டுப் பக்கம், அந்த வேகமான நடையில். முன்கதவை அவள் சாத்தவில்லை. அந்த வேலையையாவது அவர்கள் செய்துகொள்ளட்டும் என்று திறந்தபடியே விட்டுப் போனாள்.